டிரெய்லர் இழுக்கப் போகிறவர்களுக்கு

வீடு மாற்ற வாடகைக்கு டிரெய்லர் எடுக்கலாமா, நம்ம காரே இழுத்துவிடுமா என்று புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். பெரும்பாலான கார்கள் இழுத்துவிடும். இறக்கத்தில் நிறுத்துவதும் நெடுஞ்சாலையில் நேராக ஓட வைப்பதும்தான் பாடு.

விளம்பரத்தில் போட்டிருக்கும் இழுவைத்திறனை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கார் கையேட்டில் இன்னொரு எண்ணும் இருக்கும், டிரெய்லரின் மூக்கு (காரோடு மாட்டும் முன்முனை) ஹிட்ச் மேல், அதாவது காரின் பின்னால் இருக்கும் இணைப்பின் மேல், எத்தனை கிலோ அழுத்தலாம் என்று. வட அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்கட்டும் என்பார்கள், ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். 1,000 கிலோ டிரெய்லரில் 10 சதவீதம் என்றால் 100 கிலோ, அதுவும் காரின் சுமைக் கணக்கில்தான் சேரும், அப்புறம் பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய பெட்டி என்றால் எங்கே போய் நிற்கும் பாருங்கள். ஹிட்ச், அதன் மேல் இருக்கும் உருண்டையான பந்து, கார் மூன்றில் எதன் வரம்பு குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

நான் பட்டது இதுதான். கடைசியில் இறக்க வசதியாக இருக்கும் என்று ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் பின்கதவோரம் வைத்தேன். மூக்கு லேசாகிவிட்டது. வேகம் ஏறினதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது, ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள், வேகம் கூட்டியும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், தானாக அடங்கும். டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கன்ட்ரோலர் இருந்தால் அதை மட்டும் மெதுவாகக் கொடுக்கலாம். அன்றைக்கு ஓரம் கட்டி, கனமானதையெல்லாம் ஆக்சிலுக்கு மேலும் சற்று முன்னாலும் நகர்த்தி, இறுக்கிக் கட்டின பிறகுதான் கிளம்பினேன்.

பந்து அளவு கப்ளரோடு, அதாவது பந்தைக் கவ்வும் டிரெய்லர் மூக்கின் கிண்ணத்தோடு, பொருந்த வேண்டும். 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றல்ல, பந்தின் தலையிலேயே பொறித்திருப்பார்கள், படித்துப் பாருங்கள். மாட்டி முடித்ததும் லாக்கைப் போட்டு, மூக்கை அதிலிருக்கும் ஜாக்கால் தூக்குங்கள், காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் சரியாகப் பூட்டியிருக்கிறது. கழன்று வந்தால் அங்கேயே தெரிந்துவிடும், சாலையில் தெரிய வேண்டாம். பாதுகாப்புச் சங்கிலி இரண்டு இருந்தால் மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அதில் தாங்கும்.

பின்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட்டை ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். டயர் காற்றையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 750 கிலோவுக்கு மேல் அனுமதி எடை உள்ள டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். மற்ற இடங்களில் விதி வேறு, லைசன்ஸ் வகையும் காப்பீடும் கூட மாறும், எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ரிவர்ஸ் எடுப்பதற்குக் காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் வைத்துக்கொண்டால் கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும்.