துத்தநாக ஆக்சைடு நானோகம்பிகள்: தடிமன் ஒரே சீராக வராதது ஏன்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை மாணவன்):
வணக்கம். முதுகலைச் செய்முறைக்காகக் கண்ணாடிச் சில்லில் துத்தநாக ஆக்சைடு நானோகம்பிகளை வளர்க்கிறேன். துத்தநாக நைட்ரேட், ஹெக்சமின் இரண்டையும் லிட்டருக்கு 25 மில்லிமோல் வீதம் நீரில் கரைத்து, 90 டிகிரி ஓவனில் நான்கு மணி நேரம் வைக்கிறேன். ஏப்ரலில் கம்பிகள் நாணல் போல நெட்டுக்குத்தாக நின்றன. ஜூனில் அதே அளவுகளில் செய்தபோது 60 நானோமீட்டர் கம்பியும் 400 நானோமீட்டர் கம்பியும் அடுத்தடுத்துச் சாய்ந்து கிடக்கின்றன. மேலே வெள்ளைப் பொடி வேறு. மாற்ற வேண்டியது வெப்பநிலையையா, செறிவையா?

மறுமொழி (வாளையாறு):
தம்பி, இரண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம், வித்துப்படலத்தைப் பாருங்கள், அதாவது கம்பிகள் முளைப்பதற்காகச் சில்லில் முதலில் பூசிச் சுடும் மெல்லிய துத்தநாக ஆக்சைடு படலத்தை. தடிமனையும் நிற்கும் கோணத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது, அந்தப் படலத்தில் கம்பி முளைக்கும் படிக மணியின் அளவும் அதன் படிக அச்சு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதும்தான். துத்தநாக அசிட்டேட்டை எத்தனாலில் கரைத்துப் பூசும்போது, எத்தனால் ஆவியாகிக் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து படலம் திட்டுத் திட்டாகிவிடும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய பின் எங்கள் சில்லுகளைச் சாய்த்துப் பார்த்தால் பாலாடை போன்ற மங்கல் தெரியும். அவற்றை ஓவன் வரை கொண்டுபோவதே இல்லை. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்குள் பூசி, 350 டிகிரியில் 20 நிமிடம் சுடுங்கள்.

பொடி வேறு கதை. ஹெக்சமின் மெல்லச் சிதைந்து அம்மோனியா விடுவதால் துத்தநாக ஆக்சைடு கரைசலுக்குள்ளேயும் உருவாகிக் கீழே படிகிறது. சில்லை முகம் கவிழ்த்து வையுங்கள்.

மறுமொழி (நகரி):
தடிமன்தான் குறி என்றால், கரைசலுக்குப் பதிலாக ஆவியிலிருந்து கம்பி வளர்க்கும் உலை முறை இருக்கிறதே? 1964-இல் வாக்னரும் எல்லிசும் சிலிக்கானுக்குக் காட்டிய வழியில் கம்பி முளைக்கும் உருகிய தங்கத்துளியின் அளவே கம்பியின் விட்டத்தை வரையறுக்கிறது. துத்தநாக ஆக்சைடுக்கும் அது பொருந்தும்.

மறுமொழி (வாளையாறு):
பொருந்தும், ஐயா. ஆனால் துத்தநாக ஆக்சைடைக் கரித்தூளுடன் ஒடுக்கி (ஆக்சிஜனை நீக்கி) துத்தநாக ஆவி பெற ஏறத்தாழ 900 டிகிரி வேண்டும். அங்கே சாதாரணக் கண்ணாடி இளகி வழிந்துவிடும். நீலக்கல் தகடு வாங்கும் வசதி இருந்தால் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சில்லைச் சாய்த்துப் பார்த்தேன், மங்கல் இருக்கிறது. பூச்சுக்கு எடுத்தது ஏப்ரலில் திறந்த அதே எத்தனால் புட்டி; மூடியும் சரியாகத் திருகப்படவில்லை, காற்றின் ஈரம் உள்ளே போயிருக்கலாம். நாளை புதுப் புட்டியில் ஒன்றும் பழையதில் ஒன்றுமாகப் பூசி, இரண்டையும் ஒரே பீக்கரில் கவிழ்த்து வைக்கப்போகிறேன்.