உயர்தரத்துக்கு விவசாய விஞ்ஞானமா, பௌதிகவியலா?

கேள்வி (மாங்குளம்):
தங்கச்சி சாதாரணதரம் எழுதிப்போட்டு நிக்கிறா. உயிரியல் பிரிவிலை பௌதிகவியலுக்குப் பதிலா விவசாய விஞ்ஞானம் எடுக்க விருப்பம். "அதைப் படிச்சா வயலுக்குள்ளதான் நிக்கோணும்" எண்டு வீட்டிலை மறிக்கினம். கம்பஸ் கிடைக்காட்டி என்ன வழி? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பதில் 1:
பௌதிகவியலை விட்டால் மருத்துவபீடக் கதவு அன்றே பூட்டு. அதை யோசித்துவிட்டு முடிவெடுக்கட்டும். விவசாயப் பட்டத்துக்கு அது தடையில்லை. இரசாயனவியலை மட்டும் விடக்கூடாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கு, 4 வருடம், ஆங்கில மொழிமூலம். கெட்டிக்காரப் பிள்ளைகளும் அங்கே தடுக்குப்படுவது பயிரில் இல்லை, ஆங்கிலத்திலும் புள்ளிவிபரவியலிலும்தான். இப்பவே தொடங்கினால் நல்லது. உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் என்றொரு உயர்தரப் பாடமும் இருக்கு, அது தொழில்நுட்பப் பிரிவு, வேறு. அதை எடுத்தால் இந்த விவசாயப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க ஏலாது. உயிரியல் பிரிவுபோலப் பெயர் இருப்பதால் பலர் குழம்புகினம்.

பதில் 2:
கம்பஸ் கிடைக்காவிட்டால் வவுனியா விவசாயக் கல்லூரி டிப்ளோமா இருக்கு. விவசாயப் போதனாசிரியர் வேலைக்கு அதுதான் நேர்வழி. ஆனால் டிப்ளோமா முடித்ததும் நியமனம் கையில் வராது. வர்த்தமானியில் வெற்றிடம் வந்து, போட்டிப் பரீட்சையும் தாண்டவேணும். அந்த இடைவெளிக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்து வையுங்கோ. விதை, உரக் கம்பனிகளின் வெளிக்கள வேலைக்கு முதலில் கேட்பது அதைத்தான்.

"வயலுக்குள்ள நிக்கிற" வேலை என்பதும் முழுசாச் சரியில்லை. உதாரணத்துக்கு, ஆய்வுகூடத்தில் விதைநெல் முளைதிறன் பார்ப்பதை எடுங்கோ. 400 மணி எண்ணி, நூறு நூறாக நாலு தட்டில் ஈரத்தில் வைத்து, 14ஆம் நாள் கடைசியாக எண்ணவேணும். சராசரி 85 வீதத்துக்குக் கீழே போனால் அத்தாட்சி இல்லை. ஈரப்பதனும் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது. பிழைவிடுகிற இடம் ஒன்று இருக்கு: காலபோகம் வெட்டின கையோடு வருகிற நெல் உறங்குநிலையில் கிடக்கும். முளைக்காததைச் செத்த விதை என்று எழுதினால் நல்ல விதை கழிபட்டுப் போகும். 50 பாகை வெப்பத்தில் சில நாள் வைத்து உறக்கத்தைக் கலைத்துவிட்டுத்தான் சோதிக்கவேணும். ஒரு விவசாயியின் ஒரு போகத்து உழைப்பு அந்த எண்ணிக்கையில் தொங்குது.

பதில் 3:
மண் பரிசோதனையும் அப்பிடித்தான், மாதிரி எடுக்கையில் கவனம் பிசகினால் முடிவு பிழைக்கும். வயலில் வளைந்து வளைந்து நடந்து 10, 15 இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, நாலாய்ப் பிரித்து எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்து, இப்பிடியே குறைத்து அரைக்கிலோவாக்கவேணும். வரம்போரத்திலும் எருக்கும்பி கிடந்த இடத்திலும் எடுக்கக்கூடாது. பழைய உரப்பைக்குள் போட்டால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும்.

கேட்டவர்:
பெரிய நன்றி. விஞ்ஞானத்துக்கு 'சி' எடுத்தவ, இரசாயனவியலைச் சமாளிப்பாவோ?

பதில் 1:
சமாளிப்பா. முதல் தவணையிலேயே மூல் கணக்கை (இரசாயனத்தில் பதார்த்தத்தின் அளவைக் கணிக்கிற கணக்கு) பிடிக்கட்டும். உரத்தில் எவ்வளவு சத்து இருக்கெண்டு கணக்கிடவும் அது உதவும்.