பதினேழு ஒன்றுகள்: காரணிகளைத் தேட சுருக்கு வழி உண்டா?

நண்பர்களே, எண் கோட்பாடு தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

11111111111111111. பதினேழு ஒன்றுகள். பார்த்தால் பகா எண் போலத் தெரியும், ஆனால் இது 2071723 × 5363222357.

இரண்டு காரணிகளிலும் 1-ஐக் கழித்தால் 34-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. இதன் காரணம் எனக்குப் புரிகிறது. நம் எண்ணை 9-ஆல் பெருக்கினால் 10^17 − 1 வரும். அதனால் p என்ற பகாக் காரணியை எடுத்து, 10-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக p-ஆல் வகுத்தால், 17-ஆவது அடுக்கில்தான் முதன்முறையாக மீதி 1 வரும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 10^(p − 1)-ஐ p-ஆல் வகுத்தாலும் மீதி 1; ஆகவே 17 என்பது p − 1-ஐ வகுத்தாக வேண்டும். p ஒற்றைப்படை, ஆகவே 34. அழகான வாதம்!

சிக்கல் இதற்கு அப்புறம்தான். 5363222357 பகா எண் என்று கையாலேயே நிறுவ ஆசை. அதன் வர்க்கமூலம் 73234-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குப் பகாக் காரணி இருந்தால் அது நம் எண்ணுக்கும் காரணி, எனவே 34k + 1 வடிவில்தான் இருக்கும்; அந்த வடிவில் அதுவரை 2153 எண்கள். சிறிய பகா எண்களின் மடங்குகளை நீக்கினாலும் நிறைய மிஞ்சும்.

இரு காரணிகளையும் 40-ஆல் வகுத்தால் மீதி 3, 37. இரண்டும் சேர்ந்தால் சரியாக 40. 10 ஒரு வர்க்க மீதியாக (அதாவது, ஏதோ ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை p-ஆல் வகுத்தால் 10-ஐ வகுத்தால் வரும் அதே மீதி வருவதாக) இருப்பதோடு இதற்குத் தொடர்பு உண்டா? அப்படியென்றால் 40-ஆல் வகுக்கும்போது எந்தெந்த மீதிகளை மட்டும் சோதித்தால் போதும்? நிரூபணத்தோடு சொன்னால் ரொம்ப நன்றி.