13 ஆட்டங்களிலும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட் 2023இல் ஏன் ஒதுக்கப்பட்டது?

கேள்வி:
வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை அண்மையில்தான் கவனித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பழைய சீசன்களைப் புரட்டியபோது, ஃபுளோரிடா ஸ்டேட் அணியின் 2023 சீசன் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தொடக்க ஆட்டத்திலேயே எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி) 45–24 என வென்றார்கள்; கிளெம்சனை அதன் சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 31–24 என வீழ்த்தினார்கள்; தாங்கள் சார்ந்த ஏசிசி கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்தில் லூயிவில்லை 16–6 என வென்று, ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன் ஆனார்கள். மறுநாள், டிசம்பர் 3 அன்று வெளியான தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நான்கு அணிப் பிளேஆஃப் பட்டியலிலோ மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா ஆகிய அணிகளே இருந்தன. இவற்றில் டெக்சாஸும் அலபாமாவும் ஆளுக்கொரு தோல்வி கண்டவை. இதற்கு விதியில் இடம் இருக்கிறதா, அல்லது தேர்வுக் குழு தன் விருப்பப்படி முடிவு செய்ததா?

பதில் 1:
விதியில் இடம் இருக்கிறது. பிளேஆஃப் தேர்வுக் குழு, அணிகளின் வெற்றி தோல்விகளோடு, முக்கிய ஆட்டக்காரர்களோ பயிற்சியாளர்களோ இல்லாமல் போவது அந்த அணியின் இனிவரும் ஆட்டத்தைப் பாதிக்குமா என்பதையும் கணக்கில் கொள்ளலாம் என அதன் நெறிமுறையே கூறுகிறது. நவம்பர் 18 அன்று வடக்கு அலபாமா அணிக்கு எதிரான ஆட்டத்தில் பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலில் பலத்த காயம் பட்டு அந்த சீசனையே இழந்தார். முதல் பதினொரு வாரங்களில் ஆடிய அணி வேறு, இப்போதிருக்கும் அணி வேறு என்பதே குழுத் தலைவர் பூ கோரிகன் அளித்த விளக்கத்தின் சாரம்.

ஆனால் காயம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. கடைசி வாரத்துக்கு முன் தரவரிசையில் ஜார்ஜியா முதலிடத்திலும், ஃபுளோரிடா ஸ்டேட் நான்காமிடத்திலும், டெக்சாஸ் ஏழிலும், அலபாமா எட்டிலும் இருந்தன. எஸ்இசி கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் அலபாமா 27–24 என ஜார்ஜியாவை வென்றதும் எல்லாம் தலைகீழாயிற்று. அலபாமாவை உள்ளே சேர்த்தால், செப்டம்பரில் அதை அதன் மைதானத்திலேயே 34–24 என வென்ற டெக்சாஸை வெளியே நிறுத்த முடியாது. ஜார்ஜியா சறுக்கியதால் காலியானது ஓர் இடம். அதற்கு உரிமை கோரி வந்தவை இரண்டு அணிகள். அந்த நெருக்கடியில் பலியானது ஃபுளோரிடா ஸ்டேட்.

பதில் 2:
முன்னவர் சொன்ன தகவல்களில் பிழையில்லை. முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2014இல் ஒஹாயோ ஸ்டேட் அணியும் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் தன் குவார்ட்டர்பேக் ஜே. டி. பாரெட்டைக் காயத்தில் இழந்தது. மூன்றாம் நிலையில் இருந்த கார்டேல் ஜோன்ஸை இறக்கி, பிக் டென் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினை 59–0 என நசுக்கியது. குழு அதை நான்காம் அணியாகச் சேர்த்துக்கொண்டது. அதுவே அவ்வாண்டின் தேசிய சாம்பியனும் ஆனது. மாற்று ஆட்டக்காரரோடு வென்றால் போதாது, பார்ப்பதற்குப் பகட்டாகவும் வெல்ல வேண்டும் என்பதா விதி?

லூயிவில் ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் முழுவதுமாகப் பாருங்கள். இரண்டாம் குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கரும் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணிக்கு எதிரான முந்தைய ஆட்டத்தில் தலையில் அடிபட்டதால் களமிறங்கவில்லை. முதலாண்டு மாணவரான பிராக் கிளென் எறிந்து எடுத்தது வெறும் 55 கெஜம். கண்ணுக்கு இனிய ஆட்டம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அன்று தடுப்பாட்டக்காரர்கள் லூயிவில்லை ஒரு டச்டவுன்கூட (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசெல்வது) அடிக்கவிடவில்லை. தரவரிசையில் இருந்த ஓர் அணியை இப்படி முடக்கியதைக் குழு பலவீனமாகக் கருதியது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தன் கால் இன்னும் முன்னதாகவே முறிந்திருந்தால், இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பியது அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்ற பொருளில் டிராவிஸே பட்டியல் வெளியான அன்று எழுதி, மன்னிப்பும் கேட்டார். காயம்பட்டவரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது கொடுமை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரே ஒரு ஐயம். டிசம்பர் 30 அன்று பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் இதே அணி ஜார்ஜியாவிடம் 63–3 எனத் தோற்றிருக்கிறதே. அது குழுவின் கணிப்புச் சரிதான் என்று காட்டவில்லையா?

பதில் 3:
காட்டவில்லை என்பதே என் கருத்து. அன்று இருபதுக்கும் மேற்பட்ட ஃபுளோரிடா ஸ்டேட் ஆட்டக்காரர்கள் களமிறங்கவில்லை. சிலர் என்எஃப்எல் (தொழில்முறைக் கால்பந்து லீக்) தேர்வுக்காக ஒதுங்கினார்கள்; சிலர் வேறு கல்லூரிக்கு மாறத் தீர்மானித்திருந்தார்கள்; சிலருக்குக் காயம். தேசிய சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டமாக இருந்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் ஆடியிருப்பார்கள். ஒதுக்கியதன் விளைவையே ஒதுக்கியதற்கான காரணமாகக் காட்டுவது முறையன்று. அலபாமாவும் அரையிறுதியில் மிச்சிகனிடம் கூடுதல் நேரத்தில் 27–20 எனத் தோற்றது. அதை வைத்து அலபாமாவைச் சேர்த்தது தவறு என்று நான் வாதிடவில்லை. ஆட்டம் முடிந்தபின் வரும் எண்களால் முந்தைய முடிவை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்த ஆண்டே, ஏற்கெனவே திட்டமிட்டபடி, பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது. தரவரிசையில் மேலே உள்ள ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியானது. அந்த விதியை 2023இன் இறுதித் தரவரிசைக்குப் பொருத்திப் பார்த்தால், ஐந்தாவது சாம்பியனாக ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாமிடம் பெற்று, முதல் சுற்றில் பன்னிரண்டாமிடத்து ஓக்லஹோமாவைத் தன் சொந்த மைதானத்தில் எதிர்கொண்டிருக்கும். நடந்ததோ வேறு: 2024 சீசனில் அந்த அணி இரண்டே ஆட்டங்களில் வென்று பத்தில் தோற்றது.