பர்ல் கண்ணிக்குத் தமிழில் என்ன? (கலைச்சொல், அவசரம்)

காட்பாடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஸ்வெட்டர் பின்னும் வகுப்பு ஒன்று நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஜவ்வாது மலையடிவாரத்துக்காரர்கள். வெயிலூரில் ஸ்வெட்டரா என்று கேட்க நினைப்பவர்கள் மார்கழி விடியலில் மலையேறிப் பார்த்துவிட்டு வந்து கேட்கலாம். எட்டுப் பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

ஊசி, நூல், கழுத்து, கை எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. ஊசியில் ஏறும் வளையத்தைக் ‘கண்ணி’ என்று எழுதிவிட்டேன். ‘நிட்’, ‘பர்ல்’ இரண்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

பின்னாதவர்களுக்கு: நூல் பின்பக்கம் இருக்க, வலது ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னுக்கு விட்டு நூலை இழுத்தெடுத்தால் நிட். நூலை முன்பக்கம் கொண்டுவந்து, ஊசியைப் பின்னிருந்து முன்னுக்கு விட்டு எடுத்தால் பர்ல். நிட் விழுந்த இடம் சடை போலத் தெரியும், பர்ல் விழுந்த இடம் சிறு மேடாக நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால்தான் இடுப்பிலும் மணிக்கட்டிலும் இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் பட்டி வரும். கையேடு முழுக்க இந்த இரண்டு சொல்தான் ஓடும். உதவுங்கள்.

ஆரணியிலிருந்து:

அம்மையீர், ‘கண்ணி’க்கு முதலில் என் பாராட்டு. வலையின் துளை கண். பறவைக்கு வைக்கும் சுருக்கு கண்ணி. தலையில் சூடும் பூவும் கண்ணி, புறநானூற்றின் கடவுள் வாழ்த்தே கொன்றைக் கண்ணியில்தான் தொடங்குகிறது. இரண்டடியாக நீளும் பாட்டும் கண்ணி: பராபரக்கண்ணி, கிளிக்கண்ணி. ஒன்றில் ஒன்று கோத்துக்கொண்டு நீள்வதெல்லாம் கண்ணி என்பது என் துணிபு.

நிட்டும் பர்லும் ஏன் தலைவலியாக வேண்டும்? அகக்கண்ணி, புறக்கண்ணி. அகம் புறம் என்று வாழ்க்கையையே பிரித்த மொழிக்கு இரண்டு முடிச்சைப் பிரிக்கத் தெரியாதா?

கையோடு ‘ஸ்வெட்டர்’ என்பதையும் மாற்றிவிடுங்கள். முல்லைப்பாட்டில் பாசறையில் நிற்கும் யவனர் ‘மெய்ப்பை’ அணிந்திருக்கிறார்கள். கம்பளி மெய்ப்பை என்றால் கம்பீரமாக இருக்கும்.

குடியாத்தத்திலிருந்து:

> கம்பளி மெய்ப்பை என்றால் கம்பீரமாக இருக்கும்

புலவர் ஐயா, அந்த யவனர்களைப் பார்த்தாலே பயம் வரும் என்றுதான் பாட்டே சொல்கிறது. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு எதற்கு அந்தச் சட்டை? எங்கள் தெருவில் ‘மெய்ப்பை’ என்றால் மளிகைக் கடைப் பை என்று நினைப்பார்கள். ஸ்வெட்டர் ஸ்வெட்டராகவே இருக்கட்டும். அதைத் தமிழ் இல்லை என்று சொன்னால் எங்கள் பாட்டியே சண்டைக்கு வருவாள்.

அகம் புறமும் ஓடாது. நான் தறிக்காரன், லுங்கி நெய்கிற வீடு. எங்களுக்குப் பாவு ஒரு திசை, ஊடை ஒரு திசை, துணிக்கு மேல்பக்கம் எது என்று கடைசிவரை மாறாது. இது அப்படி இல்லை. ஒரே நூல், தன்னைத்தானே வளைத்துக்கொண்டு போகிறது. என் மனைவி பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வரிசை முடிந்ததும் அப்படியே திருப்பிப் பிடிக்கிறாள். இப்போது அகம் எது, புறம் எது? வரிசைக்கு வரிசை மாறுகிற ஒன்றுக்கு அந்தப் பேர் வைத்தால் கற்றுக்கொள்கிறவள் ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுவாள்.

கம்மவான்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பதான்கோட்டில் இருந்தபோது குவார்ட்டர்ஸ் பெண்களிடம்தான் நான் பின்னல் கற்றேன். அங்கே நிட் என்றால் ‘சீதா’, பர்ல் என்றால் ‘உல்டா’. நேர், தலைகீழ், அவ்வளவுதான். ரெண்டு சீதா, ரெண்டு உல்டா என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே போவார்கள். ஊசி ‘சலாயி’, ஒரு வரிசைக்கும் அதே பேர். கண்ணிக்கு ‘ஃபந்தா’.

ஊருக்கு வந்தபிறகு என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது வாயில் தானாக வந்தது ‘நேரா ஒண்ணு, திருப்பி ஒண்ணு’. அவளுக்குப் புரிந்தது. புலவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆரணியிலிருந்து:

கோபமா! சகோதரி, ‘ஃபந்தா’ என்றால் இந்தியில் சுருக்கு, பறவைக்கு வைக்கும் கண்ணி. நம் ‘கண்ணி’க்கும் அதே பொருள்! ஊசியில் தொங்கும் வளையத்தைப் பார்த்த கண் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

‘திருப்பி’ என்று நீங்கள் சொன்னதும் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. மறுகண்ணி. ‘மறு’ என்றால் மற்றது, எதிர்ப்பக்கம். அதே ‘மறு’ என்றால் உடம்பில் இருக்கும் மச்சம். நிலவின் கறையைக் குறள் ‘மறு’ என்றே சொல்கிறது. பர்ல் விழுந்த இடம் மேடாக நிற்கும் என்று காட்பாடி அம்மையார் எழுதினார்களே, துணியின் மேல் ஒரு மறு! ஒரே சொல்லில் செயலும் தோற்றமும். இதைவிட என்ன வேண்டும்?

திருப்பூரிலிருந்து:

நான் வாலாஜாக்காரன், பிழைப்பு திருப்பூரில், பனியன் கம்பெனியில். தொழிற்சாலையில் யாரும் கண்ணி என்று சொல்வதில்லை, ‘லூப்’தான். புதிதாக வந்த பையனிடம் கண்ணி என்றால் வெடிக்குமா என்று கேட்பான். ஆனாலும் வீட்டுக் கைவேலைக்குக் கண்ணி நல்ல சொல், விட்டுவிடாதீர்கள்.

ஒரு விஷயம் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். நிட்டும் பர்லும் இரண்டு வேறு கண்ணிகள் அல்ல. ஒரே கண்ணியை முன்பக்கம் பார்த்தால் நிட், பின்பக்கம் பார்த்தால் பர்ல். நீங்கள் போட்டிருக்கும் பனியனைக் கழற்றிப் பாருங்கள்: வெளியே வரிவரியாகச் சடை, உள்ளே குறுக்கே மேடு மேடாக. அங்கே யாரும் தனியாகப் பர்ல் போடவில்லை. அதனால்தான் கையால் பின்னும்போது எல்லா வரிசையும் நிட் போட்டால் இரண்டு பக்கமும் மேடு வருகிறது, ஒன்றுவிட்டு ஒன்று பர்ல் போட்டால்தான் பனியன் போல ஒரு பக்கம் மழமழவென்று வருகிறது. ஜெர்மன்காரர்கள் வலம், இடம் என்றே வைத்துவிட்டார்கள். நாம் முன்கண்ணி, பின்கண்ணி என்று வைத்தால் என்ன?

சத்துவாச்சாரியிலிருந்து:

‘பின்கண்ணி’ அருமை. பின்னுகிற கண்ணி என்று வினைத்தொகையாகவும் வருகிறதே!

ஆரணியிலிருந்து:

வராது தம்பி. வினையடி ‘பின்னு’. ஊறு, சுடு என்பவை ஊறுகாய், சுடுசோறு ஆவது போல இது ‘பின்னுகண்ணி’ ஆகும். ‘பின்கண்ணி’ என்றால் பின்னால் இருக்கும் கண்ணி, வேறில்லை. வினைத்தொகை கண்ட இடத்திலெல்லாம் முளைக்காது.

காட்பாடியிலிருந்து:

திருப்பூர் அண்ணா, விளக்கம் அப்படியே கையேட்டில் போகிறது, நன்றி. ஆனால் முன், பின் வேண்டாம். நிட் போடும்போது நூல் பின்னால், பர்ல் போடும்போது நூல் முன்னால். ‘முன்கண்ணி போடு’ என்றதும் வகுப்பில் நூலை முன்னால் இழுப்பார்கள். முதல் நாளே குளறுபடி.

இன்னொரு தொல்லை: வரிசைக்குறிப்பில் சொல்லை முழுதாக எழுத இடம் கிடையாது. ஓர் எழுத்தில் சுருக்கவேண்டும். நேர், எதிர் என்று வைத்து நே 2, எ 2 என்றால் பார்த்தவுடன் வேறுபடுகிறது.

குடியாத்தத்திலிருந்து:

அப்படியானால் நேர்க்கண்ணி, எதிர்க்கண்ணி. முடிந்தது.

சத்துவாச்சாரியிலிருந்து:

நேர்க்கண்ணியா, நேர்கண்ணியா? க் மிகுமா? நேர்கோடு என்றுதானே பள்ளிப் பாடத்தில்…

மட்டுறுத்துநர்:

நேர்கோடா நேர்க்கோடா என்று இந்தக் குழு ஏற்கெனவே ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசியிருக்கிறது. பழைய மடல்களைப் பார்க்கவும். இந்த இழையில் மீண்டும் தொடங்கினால் பூட்டிவிடுவேன்.

ஆரணியிலிருந்து:

பூட்டுவதற்கு முன் ஒரே வரி. பெயராகக் கொண்டால் மிகும், வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது. அம்மையார் ‘நேர்’, ‘எதிர்’ என்று தனிச்சொல்லாகப் போட்டால் இந்தப் பிணக்கே இல்லை.

ஆனால் ‘எதிர்’ எனக்கு ஒப்பவில்லை. எதிர் என்றால் பகை வருகிறது, கட்சி வருகிறது, குழந்தை ஸ்வெட்டரில் எதற்கு? மறு என்பதை யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

குடியாத்தத்திலிருந்து:

மறுக்கிறேன். குழந்தை சட்டையில் மறு என்றால் கறை என்று துவைக்கப் போட்டுவிடுவார்கள். நீங்கள் இப்போது திருவண்ணாமலை மாவட்டம், எங்களுக்கு ஏன் சொல் வைக்கிறீர்கள்?

ஆரணியிலிருந்து:

1989இல் கோடு கிழித்தார்கள். அதற்கு முன் நீயும் நானும் ஒரே வட ஆர்க்காடு. கோடு கிழித்தவுடன் மொழியும் பிரிந்துவிடுமா?

சத்துவாச்சாரியிலிருந்து:

தோளில் தையல் இல்லாமல் கழுத்திலிருந்து சாய்வாக இறங்கும் கைக்கு ‘ரக்லான்’ என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? அது ரக்லான் பிரபுவின் பெயர். வாட்டர்லூவில் 1815இல் வலக்கையை இழந்தவர். பின்னாளில் கிரீமியப் போருக்கு அவர்தான் ஆங்கிலத் தளபதி. முன்னால் பித்தான் வைக்கும் கார்டிகனும் அதே போரில் குதிரைப் படையை நடத்தியவர் பெயர். நம் வீட்டு மங்கி குல்லாவை ஆங்கிலத்தில் பாலக்லாவா என்பார்கள், அதுவும் அந்தப் போர் நடந்த ஊர். ஒரே போரில் பாதி அலமாரி வந்துவிட்டது!

ஆரணியிலிருந்து:

போரில் பேர் வாங்கியவர்களைவிட, குளிரில் நடுங்குகிறதென்று மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் இந்தக் கையேட்டுக்குப் பொருத்தமானவன். ரக்லான் கைக்குப் ‘பேகன் கை’.

கம்மவான்பேட்டையிலிருந்து:

ஐயா, மயிலுக்குக் கையே கிடையாதே. ‘சாய்கை’ என்று போட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு அந்தக் கைதான் நல்லது. கழுத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னினால், வளர வளர இடுப்பிலும் கையிலும் நாலு வரிசை பிரித்து நீட்டிவிடலாம். கழுத்தை மட்டும் தளர்வாக முடிக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரிசு, நுழையாமல் அழும். தோளில் ரெண்டு பித்தான் வைத்தால் இன்னும் சுலபம், ஆனால் பித்தானை இழுத்துப் பார்த்து அழுத்தித் தைக்கவேண்டும், வாயில் போட்டுவிடும். கழுத்தில் நாடா, குஞ்சம் எதுவும் வேண்டாம்.

காட்பாடியிலிருந்து:

அக்கா எழுதியது முழுவதும் ஐந்தாம் பக்கத்தில் வருகிறது. சாய்கையும் சரி.

நேற்று வகுப்பில் எல்லாச் சொல்லையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எது வேண்டும் என்று கேட்டேன். அகம் புறத்துக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. மறுவுக்குச் சிரித்தார்கள். ஒரு பெண், ஜமுனாமரத்தூர்ப் பக்கம், பின்னிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள்: ‘சடை ரெண்டு, மேடு ரெண்டுன்னு எழுதுங்க மேடம், எங்களுக்குத் தெரியுது.’ பக்கத்திலிருந்தவர்கள் அப்போதே அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

திருப்பூரிலிருந்து:

அது துணியைப் பார்த்து வைத்த பேர், கைவேலைக்கு வைத்த பேர் அல்ல. எல்லா வரிசையும் ‘சடை’ போடு என்றால் துணியில் சடையே தெரியாது, இரண்டு பக்கமும் மேடுதான் தெரியும். அப்போது என்ன சொல்வீர்கள்?

காட்பாடியிலிருந்து:

அதுதான் என் தயக்கமும். ஆகவே செயலுக்கு நேர், எதிர் என்றும், முடிந்த துணியின் தோற்றத்துக்குச் சடை, மேடு என்றும் பிரித்துப் போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் ஒருமுறை ‘நேர் என்பது நிட், எதிர் என்பது பர்ல்’ என்று இருக்கும், நூல் கடையில் ஆங்கிலப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு உதவும். குடியாத்தம், கம்மவான்பேட்டை, சத்துவாச்சாரி சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். திருப்பூர் அண்ணா முணுமுணுப்போடு சம்மதம். அச்சகத்துக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

ஆரணியிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நான் தொகுக்கும் சொற்பட்டியலில் மறுகண்ணியே இருக்கும், எதிர் என்பதை ‘வழக்கு’ என்று குறித்துச் சேர்ப்பேன்.

காட்பாடியிலிருந்து:

நன்றி ஐயா. கடைசியாக ஒன்று, தலைப்பு மாறுகிறது, மன்னிக்கவும். ‘டென்ஷன்’ என்பதற்கு என்ன? 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, குறுக்கே எத்தனை கண்ணி, மேலே எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்ப்பது. நான் வைத்திருக்கும் அளவு 4 மி.மீ. ஊசியில் 22 கண்ணி. கடையில் எட்டாம் நம்பர் ஊசி என்று கேட்கவேண்டும், நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அதையும் எழுதியிருக்கிறேன். முன்பக்கத்துக்கு 62 கண்ணி, 28 செ.மீ. கொஞ்சம் கூடுதலாக வரும். ஒருத்தியின் கை தளர்ந்து 20 கண்ணி விழுந்தால் அதே 62 கண்ணி 31 செ.மீ. ஆகிவிடும். பின்பக்கமும் சேர்த்தால் பிள்ளைக்குச் சுற்றளவில் ஏறத்தாழ 6 செ.மீ. தொளதொளப்பு. ‘முதலில் டென்ஷன் பாருங்கள்’ என்று எழுதினால் மாமியாரை நினைத்துக்கொள்வார்கள்.

குடியாத்தத்திலிருந்து:

இழுப்பு.

திருப்பூரிலிருந்து:

இழுப்பு என்றால் ஆஸ்துமா. குழந்தை, குளிர், இழுப்பு மூன்றையும் ஒரே பக்கத்தில் போடாதீர்கள். இறுக்கம்.

ஆரணியிலிருந்து:

பொறுங்கள். ‘செறிவு’ என்று ஒரு சொல் இருக்கிறது. செய்யுளின் பத்துக் குணங்களில் ஒன்று என்று தண்டியலங்காரம்…

மட்டுறுத்துநர்:

புதிய இழை தொடங்கவும்.