புதுப்பிப்பு: மொனேயின் சூரியன் ஒளிராத பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: பிரெஞ்சு ஓவியர் மொனே 1872இல் வரைந்த, பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகக் காலைக் காட்சியை அக்ரிலிக் வண்ணத்தில் பார்த்து வரைந்தால், சூரியன் மட்டும் ஒட்டின பொட்டுப் போல நிற்கிறது, ஏன் என்று. பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கோ" என்று ஒரு அக்கா சொன்ன யோசனை. மூலப் படத்தை அப்படி மாற்றினேன். சூரியன் வானத்துக்குள் ஏறக்குறையக் காணாமல் போனது! என்னுடையதில் வெள்ளை வட்டமாகத் துருத்திக்கொண்டு நின்றது. மூலத்தில் சூரியனுக்கும் வானத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம், வேறுபாடு நிறத்தில்தான். நானோ பிரகாசம் வேண்டுமென்று வெள்ளையை அள்ளிக் கலந்திருந்தேன். வெள்ளையைக் குறைத்துச் செம்மஞ்சளைத் தடிப்பாக வைத்து, சுற்றியுள்ள வானத்தை நீலச் சாம்பலாக்கியதும் சரி வந்தது.

எதிர்பாராதது ஒன்று: அக்ரிலிக் காயக் காயக் கொஞ்சம் கறுக்கிறது. இரவு ஈரத்தில் பொருந்தின சூரியன், காலமை பார்த்தால் மங்கிக் கிடந்தது. இப்போது துண்டுக் கடதாசியில் பூசி, காயவிட்டுப் பார்த்துத்தான் படத்தில் வைக்கிறேன். யாழ்ப்பாண வெயிலுக்கு அது காய அதிக நேரம் எடுக்காது. அதே வெயில், கலக்கும் தட்டில் இருக்கிற வண்ணத்தையும் காயவைத்துவிடும்! தட்டில் கடதாசி வைத்து, அதற்கு அடியில் ஈரத்துணி விரிக்கச் சொன்ன அண்ணைக்குத் தனி நன்றி.

அடுத்தது இங்கே யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் பின்னேரச் சூரியன். இந்தமுறை முதலே கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டேன்.