மலைச்சரிவில் ட்ரோன் எடுத்த படம் ஒட்டவே மாட்டேன் என்கிறது, சென்னா மரத்தைக் கணக்கெடுக்க உதவி வேண்டும்

எருமாடு டீ:
வணக்கம். நீலகிரியில் எருமாடு தாண்டி, கேரள எல்லையை ஒட்டி எங்களுக்கு 6 ஏக்கர். கீழே ரோட்டோரம் தேயிலை, மேலே அப்பா காலத்திலேயே கவனிக்காமல் விட்ட மேடு. வயநாட்டில் பத்தேரிப் பக்கம் மஞ்ஞக்கொன்ன என்பார்களே, அந்த சென்னா மரம் மேட்டை முழுசாகப் பிடித்துவிட்டது, அடியில் உண்ணிச்செடி, உள்ளே நுழையவே வழியில்லை. எத்தனை மரம், எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் ஆள் விட்டு எடுக்கலாம் என்று மச்சானுடைய 249 கிராம் ட்ரோனை வாங்கிப் போன ஞாயிறு பறக்கவிட்டேன். ரோட்டில் நின்று கிளப்பி, 80 மீட்டர் உயரம் வைத்து, உச்சி வரைக்கும் 140 படம். படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கும் வெப்ஓடிஎம் சாஃப்ட்வேரில் போட்டால் தேயிலை அழகாக ஒட்டிக்கொள்கிறது, மேடு மட்டும் ஓட்டை ஓட்டையாக, பாதி கறுப்பு. எனக்கு வேண்டியதே அந்தப் பாதிதான். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், லேப்டாப் தோசைக்கல்லாகச் சுட்டதுதான் மிச்சம்.

அப்புறம், வாடகைக்கு மருந்தடிக்கும் பெரிய ட்ரோன் வருகிறதே, அதில் களைக்கொல்லி ஊற்றி மேட்டில் அடித்தால் ஒரேயடியாக வேலை முடியாதா?

பழைய சர்வேயர்:
தம்பி, ரோட்டிலிருந்து உச்சிக்கு எவ்வளவு ஏற்றம்?

எருமாடு டீ:
போனில் பார்த்தேன் அண்ணே, ஏறத்தாழ 60 மீட்டர்.

பழைய சர்வேயர்:
அப்போ லேப்டாப்பைத் திட்டாதே. ட்ரோன் காட்டுகிற 80, நீ கிளப்பின இடத்திலிருந்து 80. தரை ஏறினால் அது கூடவே ஏறாது. உச்சிக்கு வரும்போது தரைக்கு மேல் 20 மீட்டர்தான், மரம் 12 மீட்டர் இருந்தால் கேமராவுக்கும் தழைக்கும் நடுவில் 8. தேயிலை மேல் ஒரு படத்தில் 100 மீட்டருக்கு மேல் அகலம் விழுந்திருக்கும், உச்சியில் 12 மீட்டர் விழுந்தாலே அதிகம். ஒரே கிளை நாலைந்து படத்தில் வந்தால்தான் சாஃப்ட்வேருக்கு ஒட்டத் தெரியும், உனக்கு ஒரு கிளை ஒரு படத்திலேயே முழுசாக வந்திருக்காது. மரத்தில் சிக்காமல் திரும்பி வந்ததே உன் மச்சான் செய்த புண்ணியம்.

அடுத்த தடவை உச்சியில் நின்று கிளப்பு. 50 மீட்டர் வை. பள்ளத்தில் அது 110 ஆகும், முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர், அதாவது 400 அடி வரை பறக்கலாம், அதற்குள் அடங்கிவிடும். உன் இடம் பச்சைதானா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் முதலில் பார். 250 கிராம் வரை நானோ வகை, பைலட் சான்றிதழ் வேண்டாம். ட்ரோன் போய்வரும் வரிக்கு வரி இடைவெளியை உச்சிக்குத் தக்கபடி 14 மீட்டர் வை, பள்ளத்துக்கு அது வீண், போகட்டும். சரிவில் ஏறி இறங்காமல் குறுக்கே ஓட்டு. படம் 200-க்கு மேல் வரும். பனி விலகி, காற்று கிளம்பும் முன் முடித்துவிடு, கிளை ஆடினாலும் ஒட்டாது.

இன்னொன்று, வெள்ளை யூரியா சாக்கை விரித்து நாலு மூலையிலும் நடுவிலும் கல் வைத்துவிட்டுப் பறக்கவிடு. இந்தச் சின்ன ட்ரோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். அடுத்த வருஷமும் அதே இடத்தில் சாக்கு இருந்தால்தான் இரண்டு படத்தையும் மேலே மேலே வைத்து எது புதுசாக முளைத்தது என்று பார்க்க முடியும்.

பத்தேரிக்காரன்:
மருந்து விஷயத்துக்கு வருகிறேன். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், உங்கள் மேட்டுத் தண்ணீர் எங்கள் வயலுக்குத்தான் இறங்குகிறது, அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கேரளத்தில் 2019-லேயே தடை செய்தாயிற்று. உங்கள் பக்கத்திலும் 2022-லிருந்து பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். காசர்கோட்டில் முந்திரித் தோட்டத்துக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்து வந்த வினையைப் பார்த்த ஊர் எங்களுடையது. வானத்திலிருந்து மருந்து என்றாலே இங்கே ஊர் கூடிவிடும். அடித்தாலும் மேல் இலைதான் கருகும், மரம் திரும்பத் தழைக்கும், உங்கள் கொழுந்து கெட்டுப்போனதுதான் கண்ட பலன்.

சேரம்பாடி அக்கா:
மருந்து வேண்டவே வேண்டாம் தம்பி. இந்த மரத்தை வயநாட்டில் 1980-களில் நிழலுக்கும் அழகுக்கும் என்று வனத்துறைதான் நட்டது, இப்போது முதுமலை வரைக்கும் பரவி அவர்களே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். மரத்தை வெட்டினால் அடிக்கட்டையில் பத்து கொப்பு வரும். எங்கள் தோட்டத்தில் வேலை செய்தது ஒன்றுதான்: நல்ல மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது கன்றை வேரோடு பிடுங்குவது. கட்டைவிரல் கனம் தாண்டினால் கையில் வராது, கடப்பாரை வேண்டும். பெரிய மரத்துக்கு மனு போட வேண்டும், சொந்த இடம் என்றாலும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிலம் கூடலூர் ஜன்மம் நிலச் சட்டத்தின் பிரிவு 17-இல் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள், அது தனித் தலைவலி.

படத்தை இப்போதே எடுக்காதே. பச்சையாக இருக்கும்போது மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தழைதான், ஆளைக் குழப்பும். பூக்கட்டும். விஷு சமயத்தில் பூப்பது நம் சரக்கொன்றை, மழை ஓய்ந்த பிறகு மஞ்சளாக நின்றால் அதுதான் இந்த சென்னா. ஏஐ ஒன்றும் வேண்டாம், ஆறு ஏக்கருக்கு ஒரு ராத்திரி உட்கார்ந்து கையால் புள்ளி வைத்துவிடலாம். உண்ணிச்செடி மரத்தடியில் இருப்பது ட்ரோனுக்குத் தெரியாது, நடந்துதான் பார்க்க வேண்டும். போகிறதற்கு முன்னால் மேட்டில் ஆனை இல்லையே என்று பக்கத்து வீட்டில் கேள். ட்ரோன் இரைச்சல் தேனீக்கூட்டம் மாதிரி இருக்கும், மிரண்டு கீழே இறங்கினால் கொழுந்து பறிக்கிறவர்கள் மேல்தான் வரும்.

எருமாடு டீ:
ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறேன், மன்னிக்கவும். அண்ணன் சொன்னபடி உச்சியில் நின்று, 7 சாக்கு விரித்து, 226 படம். ஒட்டிவிட்டது! கிழக்கு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல், அப்போது காற்று வந்துவிட்டது. பூத்த மரம் 118 எண்ணினேன், நான் நினைத்தது நானூறு, ஐநூறு. அதில் 70-க்கு மேல் ஓடைக்கரை ஓரமாக வரிசையாக நிற்கிறது, விதை தண்ணீரோடு இறங்குகிறது போல. மேட்டை முழுசாக அழிக்காமல் ஓடையிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். படத்தை அச்செடுத்து மனுவோடு வைத்தாயிற்று. பூக்காத கன்று எத்தனை என்று படத்தில் தெரியவில்லை, அதற்கு அக்கா சொன்ன மாதிரி நடைதான்.

ஒரு சங்கடம். படத்தில் அடர்த்தியாக மஞ்சளாகத் தெரிகிற இடம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், ஓடை தாண்டி. பத்தேரிக்காரரே, அது யாருடையது என்று தெரியுமா?

பத்தேரிக்காரன்:
படத்தைப் பார்த்தேன். என் சித்தப்பாவுடையது. ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வாருங்கள், ஆளுக்குப் பாதி ஓடை.